குடும்பம் கூடித் தங்க நாட்டுப்புறத்தில் ஒரு வீடு: தேடும் முறை

வார இறுதியில் குடும்பத்தோடு கூடித் தங்க நாட்டுப்புறத்தில் வீடு தேடுகிறவர்களில் பெரும்பாலோர் படங்களிலிருந்துதான் தேடலைத் தொடங்குகிறார்கள். மூடுபனி படர்ந்த மலைச்சரிவு, ஓட்டுக் கூரை, முற்றத்தில் ஓர் ஊஞ்சல் என்று கண்ணுக்குப் பிடித்துவிட்டால் மற்றவை தாமாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. இருவர் மட்டும் செல்லும் பயணத்துக்கு அந்த நம்பிக்கை ஓரளவு போதும். எட்டு வயதுப் பேரனும் எண்பது வயதுப் பாட்டியும் ஒரே கூரையின் கீழ் இரண்டு நாள் இருக்கப்போகிறார்கள் என்றால், காட்சியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, எல்லாரும் ஒன்றாக உட்கார இடம் இருக்கிறதா, எல்லாரும் குளித்து முடிக்கும்வரை தண்ணீர் வருமா என்ற இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்குவதே சரி. இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காத வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை விட்டுவிடலாம்.

முதலில் பெயர்ப் பட்டியல்

வருவோரின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் தவறான வீடே கிடைக்கும். பன்னிரண்டு பேர் என்பதில் ஆறு தம்பதிகளும் அடங்கலாம், மூன்று தலைமுறைகளும் அடங்கலாம். இரண்டுக்கும் ஒரே வீடு பொருந்தாது. ஆகவே ஒரு தாளில் ஒவ்வொருவருடைய பெயரையும் எழுதி, படி ஏற முடியாதவர் யார், இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து கழிப்பறைக்குச் செல்பவர் யார், கைக்குழந்தையோடு வருபவர் யார், விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து விளக்கைப் போடுபவர் யார், குறட்டை விடுபவர் யார் என்று எதிரே குறித்துக்கொள்ள வேண்டும். குறட்டையைக்கூட எழுதச் சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம்; ஆனால் மறுநாள் காலையில் தூக்கம் கெட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் ஒருவரைச் சமாதானப்படுத்துவதைவிட அது எளிது. தாழிட்டுக்கொள்ளக்கூடிய அறைகள் எத்தனை தேவை, கழிப்பறையோடு சேர்ந்த தரைத்தள அறைகள் எத்தனை தேவை, கூடத்தில் பாய் விரித்துப் படுக்கச் சம்மதிக்கும் இளவட்டங்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் இந்தத் தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அடுத்துக் கணக்கிட வேண்டியது நேரம். பல தங்குமிடங்களில் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குச் சாவியைக் கொடுத்து, காலை 10 அல்லது 11 மணிக்குத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். சனிக்கிழமை 2 மணிக்கு நுழைந்து ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்கு வெளியேறினால் கையில் இருப்பது 21 மணி நேரம். அதில் உறக்கத்துக்கு 8 மணி நேரமும், குளிப்பதற்கும் பெட்டியை அவிழ்த்துக் கட்டுவதற்கும் 3 மணி நேரமும் போய்விட்டால், கூடிப் பேசுவதற்கென்று எஞ்சுவது 10 மணி நேரம்தான். அதற்காகப் பலர் பல மணி நேரம் பயணம் செய்து வர வேண்டுமா என்று யோசித்துப் பார்த்தால், வெள்ளிக்கிழமை இரவையும் சேர்த்து எடுப்பதே நியாயமாகத் தோன்றும். அது முடியாதபோது ஞாயிறு மாலைவரை வீட்டை வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். ஞாயிறு இரவுக்குப் புதிய விருந்தினர் வராத இடங்களில் உரிமையாளர்கள் இதற்குப் பெரும்பாலும் இணங்குவார்கள். ஆனால் முன்பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

தொலைவைக் கிலோமீட்டரில் அளக்காமல் மணிக்கணக்கில் அளக்க வேண்டும். வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் ஒரு காரின் சராசரி வேகம் மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஆகவே வரைபடத்தில் அருகில் தெரியும் 40 கிலோமீட்டர், நடைமுறையில் ஒன்றரை மணி நேரமாகிவிடுகிறது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வருபவர்களுக்கு நடுவே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பது நியாயமாகத் தெரிந்தாலும், அந்த நடுவிடத்தைக் குடும்பத்தின் மூத்தவர்கள் இருக்கும் பக்கமாகச் சற்று நகர்த்துவது என் வழக்கம். இளையவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக வண்டி ஓட்டலாம். முதுகுவலியோடு இருக்கும் பெரியவரால் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்கார முடியாது.

எப்படிப்பட்ட வீடு

நாட்டுப்புறத் தங்குமிடங்கள் பல வகைப்படும். உரிமையாளர் குடியிருக்கும் வீட்டிலேயே சில அறைகளைத் தரும் ஹோம்ஸ்டே, முழுவதுமாக நம் கையில் கொடுக்கப்படும் தோட்டத்து வீடு அல்லது பண்ணை வீடு, தனித்தனிக் குடில்களைக் கொண்ட ரிசார்ட் ஆகியவை பொதுவாகக் காணப்படுபவை. ஹோம்ஸ்டேயில் சாப்பாட்டுக் கவலை குறைவு, அந்தப் பகுதியை அறிந்த ஒருவர் எப்போதும் அருகில் இருப்பார். ஆனால் இரவு பதினொரு மணிக்கு மேல் சீட்டாடிச் சிரித்துக்கொண்டிருக்க அங்கே மனம் கூசும். ரிசார்ட்டில் வசதிகளுக்குக் குறைவில்லை; இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு குடிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதால், கூடல் என்பது உணவு மேசையோடு நின்றுவிடுகிறது. ஒன்றுகூடுவதுதான் நோக்கம் என்றால் முழு வீட்டுக்கு ஈடில்லை என்பது என் கருத்து. உறவினர்களுக்குள் மனத்தாங்கல் இருக்கும் குடும்பத்துக்கு மட்டும், பொதுக்கூடம் ஒன்றும் தனிக் குடில்களும் கொண்ட இடம் பாதுகாப்பான தேர்வாக அமையும்.

முழு வீட்டைப் பார்க்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது கூடம். இரண்டு நாளும் விடாமல் மழை பெய்தால் இத்தனை பேரும் எங்கே இருப்பார்கள் என்று ஒரு முறை கற்பனை செய்து பார்த்தால் போதும். பல அழகான வீடுகள் அந்த இடத்திலேயே பட்டியலிலிருந்து விழுந்துவிடும். சிறிய சோபா ஒன்றும் நான்கு நாற்காலி போட்ட உணவு மேசை ஒன்றும் படத்தில் தெரிந்தால், ‘பன்னிரண்டு பேர் தங்கலாம்’ என்று எழுதியிருந்தாலும் மூன்று பந்தியாகச் சாப்பிட நேரிடும் என்று புரிந்துகொள்ள வேண்டும். கூரையுள்ள அகன்ற தாழ்வாரம் இருந்தால் கூடம் சிறிதாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ‘பன்னிரண்டு பேர்’ என்ற எண்ணிக்கையில் சோபா படுக்கைகளும் தரையில் விரிக்கும் மெத்தைகளும் சேர்ந்திருப்பது உண்டு. கட்டில்கள் எத்தனை, எந்தெந்த அறையில் என்று தனியே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

மதிப்புரைகளைப் படிக்கும் விதம்

விருந்தினர் தரும் புள்ளிகள் எந்த இணையதளத்தில் எப்படிச் சேர்கின்றன என்பதை அறிந்து படித்தால்தான் அவற்றுக்குப் பொருள் உண்டு. தங்கும் வீடுகளை வாடகைக்குப் பதிவு செய்யும் தளமான ஏர்பிஎன்பியில் விருந்தினரும் உரிமையாளரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுத 14 நாள் அவகாசம் உண்டு. இருவரும் எழுதி முடிக்கும்வரை அல்லது அவகாசம் தீரும்வரை ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அப்படியிருந்தும் முகம் பார்த்துப் பழகிய உரிமையாளரைக் குறைசொல்லப் பலருக்கு மனம் வருவதில்லை என்பதால் புள்ளிகள் உயர்ந்தே நிற்கின்றன. அந்தத் தளத்தில் சிறந்த உரிமையாளர்களுக்குத் தரப்படும் ‘சூப்பர்ஹோஸ்ட்’ என்ற தகுதிக்கே 5க்கு 4.8 சராசரி வேண்டும் என்பதை நினைவில் கொண்டால், 4.5 என்பது பார்வைக்குத் தோன்றும் அளவுக்கு உயர்ந்த எண் அன்று என்பது விளங்கும். புக்கிங் டாட் காமில் அதன் வழியாகப் பதிவு செய்தவர்கள்தாம் எழுத முடியும்; அங்கே மதிப்பெண் 10க்குக் கணக்கிடப்படுகிறது. கூகுள் மேப்ஸில் அந்த இடத்தில் தங்காதவரும் எழுதலாம்.

எண்ணைவிடச் சொற்கள்தாம் அதிகம் சொல்லும். ‘இயற்கைச் சூழலில் எளிமையான வீடு’ என்று ஒருவர் பாராட்டினால், கொசுவலையும் வெந்நீரும் இல்லை என்பதை அவர் நயமாகச் சொல்கிறாரோ என்று ஐயப்பட இடமுண்டு. மிகச் சமீபத்திய பத்து மதிப்புரைகளையும், மிகக் குறைந்த புள்ளி கொடுத்த சிலவற்றையும் படித்தால் போதும். ஒரே குறை இரண்டு வெவ்வேறு மாதங்களில் வந்தவர்களால் எழுதப்பட்டிருந்தால் அதை உண்மை என்றே கொள்ளலாம். இணையர்கள் எழுதிய நூறு பாராட்டுகளைவிடக் குழந்தைகளோடும் முதியவர்களோடும் வந்த ஒரு குடும்பம் எழுதிய நான்கு வரிகள் நமக்குப் பயன்படும்.

தண்ணீர், வெந்நீர், மின்சாரம்

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பதினான்கு பேர் ஒரு மலையடிவார வீட்டுக்குச் சென்றோம். மூன்று குளியலறைகள் என்று அறிவிப்பில் எழுதியிருந்தது பொய்யன்று. ஆனால் வெந்நீர் அவற்றுள் ஒன்றில் மட்டுமே வரும் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. காலை ஐந்தரைக்குத் தொடங்கிய குளியல் வரிசை ஒன்பதரைக்கும் முடியவில்லை. நடைபோகத் திட்டமிட்டிருந்த காலைப்பொழுது துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருப்பதிலேயே கழிந்தது. அன்றிலிருந்து இந்தக் கணக்கைப் போடாமல் நான் எந்த வீட்டையும் எடுப்பதில்லை.

கணக்கு எளிதானதே. 15 லிட்டர் கொள்ளளவும் 2,000 வாட் திறனும் உள்ள கீசர், 20 டிகிரி குளிர்ச்சியில் இருக்கும் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 20 நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதைக் குளிர்நீரோடு கலந்தால் குளிப்பதற்கு இதமான 40 டிகிரியில் 30 லிட்டர் கிடைக்கும். ஒருவருக்கு ஒரு வாளி, அதாவது 20 லிட்டர் என்று வைத்தால் பன்னிரண்டு பேருக்கு 240 லிட்டர் வேண்டும். அந்த ஒரே கீசரை எட்டு முறை சூடாக்க வேண்டும். காய்வதற்கு மட்டுமே 2 மணி 40 நிமிடம் ஆகும். ஷவரில் நின்று குளிப்பவர்கள் இருந்தால் இன்னும் கூடும். இரண்டு குளியலறைகளில் கீசர் இருந்தால் நேரம் பாதியாகும், அதுவும் இரண்டையும் ஒரே சமயத்தில் இயக்க அந்த வீட்டின் மின் இணைப்பு தாங்கினால் மட்டுமே. சூரிய வெப்பத்தில் நீர் காய்ச்சும் வீடுகளில், முந்தைய நாள் மேகமூட்டமாக இருந்தால் காலையில் என்ன செய்வார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

குளியல், கழிப்பறை, சமையல், பாத்திரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று எண்ணினால் பன்னிரண்டு பேருக்கு 1,200 லிட்டர் தேவை. மொட்டைமாடியில் இருப்பது 1,000 லிட்டர் தொட்டியாக இருந்து, ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை இயக்க வேண்டிய நேரத்தில் மின்சாரமும் போய்விட்டால், மாலைக்குள் குழாய் வறண்டுவிடும். இன்வெர்ட்டர் இருக்கிறது என்ற பதிலால் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. வீடுகளில் வழக்கமாக உள்ள இன்வெர்ட்டர் விளக்கையும் மின்விசிறியையும் தாங்குமே தவிர, கீசரையும் மோட்டாரையும் தாங்காது. ஜெனரேட்டர் இருந்தால், அதை நள்ளிரவில் இயக்க ஆள் இருக்கிறாரா, டீசலுக்குத் தனிக் கட்டணமா என்பவையும் சேர்ந்தே தெரிய வேண்டும்.

கேட்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘உண்டு’ என்ற ஒரே சொல்லில் விடை சொல்லிவிடக்கூடிய கேள்வியைக் கேட்கவே கூடாது. ‘வெந்நீர் வருமா?’ என்றால் எந்த உரிமையாளரும் வரும் என்றுதான் சொல்வார். பின்வருமாறு எழுதி அனுப்பினால் விடை வேறு மாதிரியாக வரும்: ‘வணக்கம். நாங்கள் பெரியவர்கள் ஒன்பது பேர், குழந்தைகள் மூவர், இரண்டு இரவு தங்க விரும்புகிறோம். எங்களில் இருவரால் படி ஏற இயலாது. வெந்நீர் எத்தனை குளியலறைகளில் வருகிறது, ஒவ்வொரு கீசரும் எத்தனை லிட்டர் கொள்ளும்? மின்சாரம் நின்றுவிட்டால் எவையெல்லாம் இயங்கும்? வாசலிலிருந்து தரைத்தள அறைவரை எத்தனை படிகள் இருக்கின்றன? இதற்கு முன் இத்தனை பேர் கொண்ட குடும்பம் தங்கியபோது என்ன சிரமம் ஏற்பட்டது?’ கடைசிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதும் உரிமையாளர் கிடைத்தால், வீடு சற்றுச் சுமாராக இருந்தாலும் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

வழியும் சுற்றுப்புறமும்

முன்பதிவுத் தளங்களில் பதிவு உறுதியாகும்வரை தோராயமான இடம் மட்டுமே காட்டப்படுவது உண்டு. அந்தப் பகுதியைச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தால், அருகில் கல்குவாரியோ நெடுஞ்சாலையோ ரயில் பாதையோ கோழிப்பண்ணையோ இருப்பது தெரியவரும். இவை எதுவும் உரிமையாளர் போடும் படங்களில் இடம்பெறுவதில்லை. பதிவான பிறகு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கங்கள் இருந்தால் ஏறத்தாழ 11 மீட்டருக்குள் இடத்தைக் காட்டிவிடும். நாட்டுப்புறத்தில் செல்பேசிச் சமிக்ஞை பாதி வழியில் நின்றுவிடக்கூடும் என்பதால் அந்தப் பகுதி வரைபடத்தை முன்னதாகவே பேசியில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசி ஒரு கிலோமீட்டரைப் பற்றித் தனியாகவே விசாரிக்க வேண்டும். அது மண் பாதையா, மழையில் சேறாகிவிடுமா, தாழ்வான அடிப்பகுதி கொண்ட கார் போகுமா, வேன் வந்தால் திரும்ப இடம் உண்டா என்பவை தெரியாமல் போய், பாட்டியை இருட்டில் நடத்தி அழைத்துச் செல்லும் நிலை வந்துவிடக் கூடாது. எந்த ஏற்பாடாக இருந்தாலும் சூரியன் மறைவதற்கு முன் போய்ச் சேரும்படியாகப் புறப்படுவதே நல்லது.

உயரமான இடமாக இருந்தால் குளிரையும் முன்கூட்டியே கணிக்கலாம். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். சமவெளியிலிருந்து 1,500 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 10 டிகிரி குறைந்துவிடும். ஆளுக்கொரு கம்பளி இருக்கிறதா என்று எண்ணிக்கையோடு கேட்க வேண்டும்.

குழந்தைகள், முதியவர்கள், ஆபத்துகள்

குளிர் தாங்காமல் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு படுப்பது உயிருக்கே ஆபத்து. எரியும் கரியிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிக்காமலே போய்விடக்கூடும். காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் பொருத்தப்பட்ட எரிவாயு கீசரிலும் இதே ஆபத்து உண்டு. இவற்றை யாராவது வசதி என்று சொல்லி அளித்தால் மறுத்துவிட வேண்டும். தீமூட்டிச் சுற்றி உட்கார விரும்பினால், அது வெட்டவெளியில், கூரையிலிருந்தும் காய்ந்த புல்லிலிருந்தும் விலகி இருக்க வேண்டும்.

நீச்சல் குளம், குளம், கிணறு ஆகியவை சிறு குழந்தைகள் வரும் குடும்பத்துக்குக் கவர்ச்சி என்பதைவிடக் காவல் வேலை என்றே சொல்ல வேண்டும். நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை, ஓசையில்லாமல் மூழ்கிவிடுகிறது. குளத்தின் நான்கு பக்கமும் வேலியும் தானே மூடிக்கொள்ளும் கதவும் இல்லையென்றால், ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தைகள் உள்ள குடும்பம் அந்த வீட்டைத் தவிர்ப்பதே நலம். அப்படியும் எடுத்தால், ‘எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்’ என்று விடாமல், மணிக்கு ஒருவர் என்று முறை வைத்துப் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும்.

பெரியவர்களுக்காகப் பார்க்க வேண்டியவை சிறியவை. குளியலறைத் தரை வழுக்குகிறதா, கைப்பிடி இருக்கிறதா, உட்கார்ந்து எழும் வகையான கழிப்பறைதானா, படுக்கையிலிருந்து கழிப்பறைவரை இரவு விளக்கு எரியுமா என்பவற்றைக் கேட்டால் போதும். பாம்புகள் உள்ள பகுதியில் இருட்டிய பின் கைவிளக்கும் செருப்பும் இல்லாமல் யாரும் வெளியே கால் வைக்கக் கூடாது. விஷமுறிவு மருந்து வைத்திருக்கும் மருத்துவமனை எது, இரவில் திறந்திருக்குமா, அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்பதை உரிமையாளரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

பணம் கொடுப்பதற்கு முன்

போலி அறிவிப்புகள் பெரும்பாலும் வேறோர் இடத்தின் படங்களைத் திருடிப் போட்டவையாக இருக்கும். சந்தேகம் எழுந்தால் அந்தப் படத்தைக் கூகுள் லென்ஸில் தேடிப் பார்க்கலாம். வேறு ஊரில் வேறு பெயரில் அதே வீடு வந்தால் ஒதுங்கிவிடலாம். வீடியோ அழைப்பில் வாசலிலிருந்து நடந்து கூடம், குளியலறை, சமையலறை என்று காட்டச் சொல்வது இன்னும் உறுதியான வழி. உண்மையான உரிமையாளர் இதற்குத் தயங்கமாட்டார். தளத்தில் பதிவு செய்யத் தொடங்கியவரிடம் ‘நேரடியாக அனுப்பினால் குறைத்துக்கொள்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், பிணக்கு வரும்போது தளம் அளிக்கும் பாதுகாப்பு நமக்கு இல்லாமல் போகும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எந்த நாள்வரை ரத்து செய்தால் முழுத் தொகையும் திரும்ப வரும், கூடுதலாக வருபவருக்கும் பகலில் மட்டும் வந்து போகும் உறவினருக்கும் கட்டணம் உண்டா, சமைக்க அனுமதி உண்டா, பெரிய பாத்திரங்கள் இருக்கின்றனவா, இரவு எத்தனை மணிக்கு மேல் ஓசை கூடாது என்பவற்றைத் தொலைபேசியில் பேசியிருந்தாலும் வாட்ஸ்அப்பிலோ தளத்தின் செய்திப் பெட்டியிலோ எழுத்தில் வாங்கிவிட வேண்டும். கண்காணிப்புக் கேமராக்கள் எங்கே இருக்கின்றன என்றும் கேட்கலாம். ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் வீட்டுக்குள் கேமரா வைப்பதை முற்றாகத் தடை செய்துள்ளது, வெளிப்புறக் கேமராக்களையும் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. குடும்பத்துக்குள் பணம் வசூலிக்கும் பொறுப்பை ஒருவரிடம் மட்டும் கொடுத்து, ஆளுக்கா அறைக்கா என்று பங்கிடும் முறையை முன்பணம் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ஊர் திரும்பிய பிறகு இந்தப் பேச்சை எடுப்பது எந்த உறவுக்கும் நல்லதன்று.

போய்ச் சேர்ந்ததும்

பெட்டிகளை இறக்குவதற்கு முன் ஒருவர் வீட்டைச் சுற்றி வந்து எல்லாக் குழாய்களையும் திறந்து பார்த்து, எல்லாக் கீசர்களையும் போட்டுவிட்டு, தாழ்ப்பாள்கள் விழுகின்றனவா என்று சோதிக்க வேண்டும். ஏற்கெனவே உடைந்திருப்பவற்றையும் மின்கணக்கை நம்மிடம் வசூலிக்கும் இடமாக இருந்தால் மீட்டரையும் படமெடுத்து உடனே உரிமையாளருக்கு அனுப்பிவிட்டால், சேதத்துக்கு ஈடாக உரிமையாளர் முன்பே வாங்கி வைக்கும் காப்புத்தொகையைப் பற்றிப் புறப்படும்போது வாக்குவாதம் எழாது. குழந்தைகளை அழைத்துப் போய் எதுவரை தனியாகப் போகலாம் என்ற எல்லையை நேரில் காட்ட வேண்டும். தரைத்தள அறையைப் பெரியவர்களுக்குக் கொடுத்த பிறகே மற்ற அறைகளைப் பங்கிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை புறப்படும்போது எரிவாயுவை மூடி, மீட்டரை மீண்டும் படமெடுத்து, காப்புத்தொகையை வண்டி ஏறுவதற்கு முன்பே கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். வீடு திரும்பிய அந்த வாரத்திலேயே மதிப்புரை எழுதிவிட்டால் விவரங்கள் மறக்காது. காட்சியைப் பற்றி ஒரு வரியும், வெந்நீர் எத்தனை குளியலறைகளில் வந்தது, வாசலில் எத்தனை படிகள் இருந்தன என்பதைப் பற்றி நான்கு வரிகளும் எழுதினால், அடுத்துத் தேடுகிற குடும்பத்துக்கு அது உதவும்.